பெல்லுக்கு மட்டும் நிற்கும் சித்தி

எங்கள் சித்தப்பாவுக்கு நடக்க வராது, சைக்கிள் வரும். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், சமையலறைக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். ஆனால் வாசற்படியில் காலை ஊன்றி சீட்டில் ஏறிவிட்டால் போதும், புதுமாப்பிள்ளை மாதிரி கிளம்பிவிடுவார்.

சித்தி நேர்மாறு. கால் இரண்டும் திடம், ஞாபகம்தான் போய்விட்டது. கட்டின புருஷன் முகமே மறந்துவிட்டது. காலையில் நடக்க விடாவிட்டால் அன்று முழுக்கக் கதவைத் தட்டித் தட்டிக் கையைப் புண்ணாக்கிக்கொள்வாள். பிள்ளைகுட்டி கிடையாது. நானும் வெளியூர்.

அதனால் தினமும் ஆற்றங்கரைப் பாதை. ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் தண்ணீர். பார்ப்பவர்கள் ஆகா ஓகோ என்பார்கள். என் கண்ணில் படுவது வேறு. வழிநெடுகத் தண்ணீருக்குள் இறங்கும் படிகள், தடுப்புக் கம்பி எதுவும் இல்லை. சித்தி முன்னால் நடப்பாள், சித்தப்பா பின்னால் மெதுவாக மிதிப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சைக்கிள் பெல்லுக்கு மட்டும் கட்டுப்படுவாள். ஒரு தடவை அடித்தால் நிற்பாள், இரண்டு தடவை அடித்தால் வீட்டுப் பக்கம் திரும்புவாள். வேலை முடிந்து தெருமுனையில் அவர் அடித்த பெல்லுக்குக் கதவைத் திறந்துவைத்த பழக்கமோ என்னவோ.

"கூட நடக்க ஒரு ஆள் வெச்சுக்கலாமே சித்தப்பா?" என்று போனில் சண்டையே போட்டேன்.

"எதுக்குடா? அதான் பெல் இருக்குல்ல" என்றார். வீம்பு.

போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு சைக்கிள் கிளப் ஊர்வலம். ஐம்பது அறுபது பேர், எல்லோரும் விடாமல் பெல் அடித்துக்கொண்டு வந்தார்கள். சித்தி நின்றாள், திரும்பினாள், மறுபடி நின்றாள். பிறகு காதைப் பொத்திக்கொண்டு படியில் இறங்க ஆரம்பித்தாள். சித்தப்பாவும் அடித்தார். அந்த இரைச்சலில் இவர் பெல் எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் படியை நோக்கி நடந்தார். இரண்டடி வைப்பதற்குள் முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தபடியே, சித்திக்குக் கணுக்கால் நனைவதையும் முழங்கால் நனைவதையும் பார்த்தார்.

"புடிங்க! யாராவது புடிங்க!" என்று கத்தினாராம். முன்னால் போகிறவர்களைப் பிடிக்கச் சொல்லி உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து, போனவர்கள் சிரித்தபடி கையசைத்தார்கள். கடைசியாக வந்த ஒரு பெண் மட்டும் ஓடி இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் சித்தியைப் பிடித்து மேலே கூட்டிவந்தாள்.

சித்தப்பாவால் அழுகையை அடக்க முடியவில்லை. சித்தி ஈரத்தோடு குனிந்து அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாளாம்.

"அழாதீங்க பெரியவரே. உங்க வீட்டுல யாராவது தேடிக்கிட்டு வருவாங்க."

போனில் இதைச் சொல்லிவிட்டு சித்தப்பா, "யாருடா வருவாங்க?" என்று கேட்டார்.