மாமனார் தொட்ட தண்ணீர்

மருமகள் வந்த நாளிலிருந்து பேக்கரிக்காரருக்கு ஒரே ஒரு சங்கடம். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஆராய்ச்சி" என்பார். "எதுல?" என்பார்கள். "தண்ணியில." கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "குடிக்கிற தண்ணிதாங்க" என்று இவர் விளக்க, விஷயம் இன்னும் மோசமாகும்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவளிடமே கேட்டுவிட்டார்.

"தண்ணியில பார்க்கிறதுக்கு அப்படி என்னம்மா இருக்கு?"

"முழுத் தண்ணியும் இல்ல மாமா. மேல, காத்து படுற இடம் மட்டும். ரெண்டு மூணு மூலக்கூறு கனம்."

"அப்போ அடியில இருக்கிறது?"

"அதை வேற ஆளுங்க பார்க்கறாங்க."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உள்ள இருக்கிற மூலக்கூறுக்குச் சுத்திலும் ஆளுங்க மாமா. கையைக் கோத்துக்கிட்டே இருக்கும். மேல இருக்கிறதுக்குத் தலைக்கு மேல யாரும் இல்ல. அதனால அதுங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணு, ஒரு கையைக் காத்துல நீட்டிக்கிட்டு சும்மா நிக்கும்."

"என் கடையிலயும் நாலுல ஒருத்தன் அப்படித்தான் நிக்கிறான்" என்றார் பேக்கரிக்காரர். அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. அந்தக் கையை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

கடைக்கு விடுமுறை விட்ட நாளில் தன் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கியும் கையுறையும் கண்ணாடியும் மாட்டிவிட்டாள். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் கொஞ்சம் தண்ணீர். இரண்டு லேசர் ஒளிகள் தண்ணீரின் மேல் ஒரே இடத்தில் விழுந்தன. திரையில், வலது ஓரத்தில், ஊசி மாதிரி ஒரு கோடு எழும்பியது.

"அதான் மாமா, நீட்டின கை."

அவர் வெகுநேரம் பார்த்தார். "தைரியசாலி" என்றார்.

அவளுக்குப் போன் வந்தது. லேசரை மூடிவிட்டு வெளியே போனாள்.

இளம் வயதில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மாவோ பாலோ வெண்ணெயோ, எதையும் விரலால் தொட்டுப் பார்த்தே பழகியவர் அவர். கையுறைக்குள் வேர்த்திருந்தது. கழற்றினார். சும்மா, லேசாக, ஒரு தடவை.

அவள் திரும்பி வந்து லேசரைத் திறந்தாள். ஊசியைக் காணோம். இடது பக்கத்தில் இரண்டு மூன்று மேடுகள் முளைத்திருந்தன. கண்ணாடி வில்லைகளைத் துடைத்தாள். லேசரைச் சரிபார்த்தாள். ஒரு பெட்டியின் மூடியிலிருந்த திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். பேக்கரிக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். விரல் பட்டா ஏதாவது ஆகுமா?"

"யார் விரல்?"

"பொதுவா கேக்கறேன்."

அவள் திருகாணியைக் கீழே வைத்தாள். அவர் திரையைக் காட்டி, பேச்சை மாற்றுவது போல, "இந்த மேடெல்லாம் என்ன?" என்றார்.

"கொழுப்பு."

அவர் முகம் வாடிப்போயிற்று. இத்தனை நாளில் அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. "தெரியாம பண்ணிட்டேம்மா" என்றார்.

"ஐயோ மாமா, உங்களைச் சொல்லல. உங்க விரல்ல இருக்கிற வெண்ணெய். தண்ணி மேல பரவி அந்தக் கையையெல்லாம் மூடிடுச்சு." கோபமாக இருக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் காலையிலிருந்து செய்த வேலையெல்லாம் போச்சு என்பது உறைத்தது.

மறுநாள் கடையை மகனிடம் விட்டுவிட்டு அவரே வந்தார். அமிலத்தை அவள் பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு கிண்ணத்தைச் சுத்தத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசும் வேலை அவருக்கு. ரொட்டித் தட்டு கழுவிய கை, சலிக்கவில்லை. சாயங்காலம் திரையில் ஊசி மறுபடி எழும்பியது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"மூச்சு விடலாம் மாமா."

"விட்டா அதுல போய் ஒட்டிக்காதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு விடுங்க."