சத்தம் மாறாத மணலை மீன்கள்

மீனின் வயிற்றைக் கீறி, அரிசி மணியளவு டேக் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்து, திரும்பவும் கடலோரக் களப்பில் விடுவது என் தொழில். செய்கிற வேலையை வீட்டாருக்கு விளங்கப்படுத்த முடியாமல் தவிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மீன் டொக்டர்

அந்த டேக் ஓயாமல் சத்தம் போடும். நம் காதுக்குக் கேட்காது; களப்பில் நாங்கள் இறக்கி வைத்திருக்கும் கருவிகளுக்குக் கேட்கும். பெரிய மீன் ஏதாவது அந்த மீனை விழுங்கினால், வயிற்றுப் புளிப்பில் மேற்பூச்சுக் கரைந்து சத்தம் மாறிவிடும்.

மணலைக் குஞ்சு குறைந்ததற்குக் கண் சிறுத்த வலைதான் காரணம், அதைத் தடைசெய்யப் போகிறார்கள் என்று கதை அடிபட்ட நேரம் அது. அந்த வலையை நம்பிப் பிழைக்கிற கற்பிட்டி செலஸ்தீன் அண்ணன், குஞ்சுகளை விழுங்குகிற சீலா மீன்தான் கள்ளன் என்று அடித்துச் சொன்னார். அதை நிரூபிக்க அவரே வாளியில் உயிரோடு மணலை கொண்டுவந்து தந்தார். முதல் தையலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ட மனிசிக்கு ஆஸ்பத்திரியில இவ்வளவு பக்குவமாத் தைக்கேல்ல, சேர்."

துறையில் குடியிருந்த மீன்

ஒரு மணலை இறங்குதுறையை விட்டு அசையவே இல்லை. சத்தமும் மாறவில்லை. இடத்தில் பற்று வைத்த மீன் என்று பூரித்துப்போய், கிழமைக் கணக்கில் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். நேரில் பார்க்கப் போனால், கருவாடு போடும் நயீமா ராத்தா துறையில் குந்தியிருந்து மீன் வெட்டி, குடலை அதே இடத்தில் வீசிக்கொண்டிருந்தார். எங்கள் மீன் எப்போதோ கருவாடாகிவிட்டது; குடலோடு விழுந்த டேக் மட்டும் அங்கேயே கிடந்து சத்தம் போட்டிருக்கிறது. விசயத்தைச் சொன்னதும் ராத்தா கத்தியைக் கீழே வைத்தார்: "அல்லாவே, நான் வீசின குடலுக்கா இவ்வளவு நாளும் காவல் இருந்தீங்க?"

கள்ளன் அகப்பட்டான்

முதன்முதலாக ஒரு டேக்கின் சத்தம் மாறிய அன்று செலஸ்தீன் அண்ணனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. துறையில் நின்ற எல்லோருக்கும் பிளேன்டீயும் பணிசும் வாங்கிக் கொடுத்தார். ஒரு மீனை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்றேன். அவர் காதில் விழுந்தால்தானே! "எழுதுங்க சேர், பெரிசா எழுதுங்க, என்ட வலையில பிழையில்லையெண்டு!"

சாட்சி

சத்தம் மாறிய மீன்கள் பிறகும் ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. மற்றவை சத்தம் மாறாமலே, கண் சிறுத்த வலைகள் கட்டிய பக்கத்தில் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோயின. களப்பு கடலோடு சேரும் வாயில் இருந்த கருவிக்கும் அவை கேட்கவில்லை. கடலுக்குப் போகாத மீன் வலையோடு கரைக்குத்தான் ஏறியிருக்க வேண்டும். செலஸ்தீன் அண்ணனின் வலைப் பக்கமும் அதே கதைதான்.

அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்புமுன் நானே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். எங்கள் கருவி பிழை விட்டிருக்கக் கூடாதா என்று அன்றைக்கு உண்மையாகவே ஏங்கினேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். முற்றத்தில் காய்ந்த வலையைப் பார்த்தபடி சொன்னார்: "அப்ப, நான் பிடிச்சுத் தந்த மீனே எனக்கு எதிராச் சாட்சி சொல்லிட்டுது, என்ன சேர்?"

மீனைப் பேச வைக்கத் தெரிந்த நான், இப்போதெல்லாம் அந்த மனிதரின் கண்ணில் படாமல் சுற்றுவழியால்தான் துறைக்குப் போய்வருகிறேன்.