கம்பத்திலிருந்து தேனி வரை: இரண்டு தட்டில் பிடித்த ஊர்ச்சத்தம்

போன தை மாசம், அறுப்பு முடிந்த வாரத்தில் போன பயணம் இது. கம்பத்திலிருந்து தேனி இருபத்துமூன்று மைல். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

என் மகன் செல்லையா பினாங்கில் இருக்கிறான். சண்டைக்கு முன்னால் போனவன். மூன்றரை வருஷம் அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. ஐப்பசியில் கடுதாசி வந்தது, வேறு யார் கையெழுத்திலோ. சப்பான்காரன் சயாம் காட்டுக்கு ரயில் வேலைக்குப் பிடித்துப் போனதில் இரண்டு கண்ணும் போய்விட்டதாம். பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் சுகமாம். அந்தப் பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை. உடனே கிளம்பி வா என்று எழுதினேன். மார்கழியில் பதில் வந்தது. "கண்ணில்லாதவனுக்கு எந்த ஊராயிருந்தால் என்ன ஆத்தா, இங்கேயே இருந்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தான்.

எல்லா ஊரும் ஒன்றுதானா என்று அவனுக்குக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். போட்டோ அனுப்பிப் பிரயோசனமில்லை. மதுரையில் சவரிமுத்து என்று ஒருவர், கல்யாணங்களில் வாழ்த்துப் பாட்டைப் பிளேட்டில் பதிந்து கொடுக்கிறவர். அவரை வரவழைத்தேன். இரண்டு நாளைக்கு முப்பது ரூபாய், பிளேட்டு இரண்டுக்குத் தனி. மிஷின் இரண்டு ஆள் தூக்கும் கனம். அது போக ஒரு கார் பேட்டரி.

ஒரு பிளேட்டுக்கு இரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்று நிமிஷம். பதிந்ததை அழிக்க முடியாது. ஆனால் ஊசியைத் தூக்கிவிட்டு, அடுத்த ஊரில் விட்ட இடத்திலிருந்து இறக்கலாம் என்றார் சவரிமுத்து. அப்படியானால் சத்தங்களை நம் இஷ்டப்படி கோக்கலாம். நான் முப்பது வருஷம் கும்மிக்கு முன்னடி எடுத்தவள். கும்மி அடியில் எண்ணினால் மூன்று நிமிஷத்துக்கு நூற்றெண்பது அடி. எந்தச் சத்தத்துக்கு எத்தனை அடி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஓடி, கடைசியில் நிற்க வேண்டும். பாட்டுக்கு அதுதான் முறை.

முதல் நாள் காலை ஆறு மணி, கம்பத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றுக் கமலை. மாடு இறங்கும்போது உருளை கிரீச்சிடும், சால் கவிழ்ந்து தண்ணீர் கொட்டும், பிறகு மாடு பின்னால் ஏறும். கிரீச்சும் கொட்டும் அடி பிசகாமல் வந்தன. மாடு ஓட்டும் கருப்பையாதான் மிஷினைப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு செந்தமிழில் பேசத் தொடங்கினான்.

"ஏலே, மாட்டுகிட்ட தெனமும் இப்படியா பேசுற?" என்றேன்.

"பினாங்கு வரைக்கும் போகுதுல்ல ஆத்தா. மட்டு மரியாத வேணாமா?"

அந்த இருபது அடி வீண். ஊசி பிளேட்டைச் சீவச் சீவக் கறுப்பு நூல் மாதிரிச் சுருள் சுருளாக வந்து விழுந்தது. அதைத் தூரிகையால் தள்ளிக்கொண்டே இருந்தார் சவரிமுத்து.

எட்டரை மணிக்குக் கரி பஸ். உத்தமபாளையம் ஆறு மைல், மூன்று அணா, மிஷினுக்கு லக்கேஜ் ஆறணா. பின்னால் அடுப்பைக் கிளறி, வண்டி இருமி இருமிக் கிளம்புகிற சத்தத்தை முதல் பக்கத்தின் மிச்சத்தில் பிடித்தோம். உத்தமபாளையம் பள்ளிவாசலில் மத்தியானப் பாங்கு. மோதினாரிடம் அனுமதி கேட்டேன். "பொட்டிய வாசலுக்கு வெளிய வச்சுக்கங்க ஆத்தா, யார் வேணாம்னா" என்றார். பாங்கை மட்டும் நான் அடி எண்ணவில்லை, முழுசாக விட்டேன். அதன் பின்னாலேயே ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி நெல் குத்தும் உலக்கைச் சத்தத்தைச் சேர்த்தேன். பினாங்கில் கடை வைத்திருக்கும் ராவுத்தர் வீட்டில்தான் அன்றைக்குத் தங்கல். அடுத்த மாசம் கப்பலேறும்போது பிளேட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆறரை பஸ்ஸில் வீரபாண்டி. பன்னிரண்டு மைல், ஆறணா. ஆறு தடுப்பில் வழிகிற சத்தமும் கோயில் மணியும் மூன்றாம் பக்கம். அங்கிருந்து தேனிக்கு ஐந்து மைல், இரண்டரை அணா. பழனிசெட்டிபட்டி தாண்டும்போது சவரிமுத்து கேட்டார்: "ரயில் வேணாமாம்மா? பினாங்குக்காரருக்கு ரயில் ஊதுனா குஷியாயிருக்கும்."

சண்டைக்காகத் தேனித் தண்டவாளத்தைப் பிடுங்கிப் போனது அவருக்கும் தெரியும். சுருதிப் பெட்டியில் ஊதிக் காட்டுகிறேன் என்றார். செல்லையா ஏறிப்போனது அந்த ரயிலில்தான். இருந்தாலும் இல்லாததை நான் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தேனிச் சந்தையில்தான் நான் தப்புப் பண்ணினேன். கடைசிப் பக்கத்துக்கு மாட்டுச் சந்தை என்று எழுதியிருந்தேன். அத்தனை கூட்டத்தில் பேரம் பேசுகிற இரைச்சல்தான் உச்சம் என்று என் நினைப்பு. பெண்பிள்ளைகள் மாட்டுச் சந்தைக்குள் போகிற வழக்கமில்லை, வெளியிலிருந்து கேட்டதுதான். உள்ளே போனால் தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்தே விலை பேசுகிறார்கள். வாய் அசையவில்லை. ஊசியோ இறங்கிவிட்டது.

"கொஞ்சம் வாயத் தொறந்து பேசுங்கப்பா" என்றேன்.

"வெலைய வாயால சொன்னா மாடு விக்காது ஆத்தா" என்றார் ஒரு தரகர். "ஒங்க பொட்டிக்காக எங்க பொழப்பக் கெடுக்கச் சொல்றீகளா?"

"வெறும் பிளேட்டுக்கு நான் ஜவாப்தாரி இல்லம்மா" என்றார் சவரிமுத்து. ஊசியைத் தூக்கக் கை நீட்டினார்.

தூக்க வேண்டாம் என்றேன். மாட்டுக் கழுத்து மணி, செருமல், குளம்பு மாற்றி வைக்கும் சத்தம், அவ்வளவுதான். அறுபது அடி போனபின், விலை படிந்து ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். உடனே சுற்றிலும் எல்லோரும் ஒரே மூச்சில் பேசினார்கள். பிளேட்டு முடிந்தது. நான் எழுதி வைத்திருந்ததைவிட அதுதான் பொருத்தமாக அமைந்தது என்று எனக்கே தெரிந்தது.

சவரிமுத்து அன்றைக்கே மதுரை பஸ் ஏறினார். பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் தனியாகக் கம்பம் திரும்பினேன். சொல்லிக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. கிராமபோனும் இல்லை. அதனால் செய்ததை நான் முழுசாகக் கேட்டதே இல்லை.

ஆனியில் பதில் வந்தது. இந்தத் தடவை பெரிய பேத்தி எழுதியிருந்தாள், குண்டு குண்டான எழுத்து. செல்லையா ஒவ்வொரு ஊரையும் பேர் சொல்லிவிட்டானாம். மாட்டுச் சந்தையில் பேச்சு நின்றதும், "துண்டு போட்டுட்டாக" என்று சிரித்தானாம். பிள்ளைகள் கமலைச் சத்தத்துக்குக் கை தட்டுகிறார்களாம். கடைசியில் இருந்தது இது: "ராவுத்தர் கடைக் கிராமபோன் பெட்டியை வீட்டுக்கே வாங்கிவிட்டோம். தினம் சாயங்காலம் போடுகிறோம். அங்கே வந்து தடவித் தடவி நடக்க வேண்டியதில்லை ஆத்தா, ஊரே என் பக்கத்தில் வந்துவிட்டது. இனி எனக்கு ஏக்கமில்லை. நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே."

நன்றாகச் செய்துவிட்டேன் போல. நான்கு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தேன். வா என்று மறுபடி கேட்டு எழுதவில்லை. ஒரு தடவைதான் கேட்பேன்.

இதே மாதிரி பதிய நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். கரி பஸ்ஸில் மிஷினைப் பின்பக்கம் ஏற்றாதீர்கள், சூட்டில் பிளேட்டு வளைந்துவிடும். சந்தைக்கு ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பேட்டரிக்கு மாற்று ஒன்று கையில் இருக்கட்டும். முக்கியமாக, இந்தப் பிளேட்டு கடையில் விற்கிற பாட்டுப் பிளேட்டு மாதிரி உழைக்காது. சவரிமுத்துவுக்கு எழுதிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் புது ஊசி போட்டு, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டினால் வருஷக்கணக்கில் இருக்குமாம். பழைய ஊசியில் தினம் ஓட்டினால் நாலைந்து மாசத்தில் வெறும் இரைச்சல்தானாம்.

உங்களுக்குச் சொல்லிவிட்டேன். செல்லையாவுக்கு இதை நான் எழுதவில்லை.