அட்டை வந்த பின்னேரம்

என் சர்க்கரை வியாதிக்கு நல்லதென்று வைத்தியர் சொன்னாராம். மகள் எங்கெல்லாமோ தேடிக் கேழ்வரகு மா, எங்கள் பேச்சில் குரக்கன் மா, வாங்கி வந்து, போன கிழமை சிரம்பானில் எங்கள் அடுக்களையில் பிட்டு அவித்தாள். ஆவி கிளம்பியதும் நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். ஈர மண்ணும் வறுத்த தவிடும் கலந்தது போன்ற அந்த மணம் அறுபது வருடங்களாக என் மூக்கில் பட்டதில்லை.

"பிடிக்கேல்லையோ அம்மா?" என்று மகள் கேட்டாள். இதைத் தின்றுதான் வளர்ந்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். முதன்முதலில் அது என் தட்டில் விழுந்தபோது, மண்ணை அவித்துத் தருகிறார்கள் என்று அழுத கதையை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

நான் பிறந்தது மலாயாவில். அப்பா றெயில்வேயில் கிளார்க். யாழ்ப்பாணம் என்பது அப்பாவும் அம்மாவும் சாப்பிடும்போது கதைக்கிற ஓர் ஊர், அவ்வளவுதான். பெண் பிள்ளை அங்கே படித்தால்தான் சரி என்று அம்மா ஒற்றைக்காலில் நின்று, பதின்மூன்று வயதில் என்னைக் கப்பலேற்றினார். தெரிந்த குடும்பமொன்று கூட வந்து, யாழ்ப்பாண நகரத்திலிருந்து சில மைல் தள்ளியிருந்த பெண்கள் பாடசாலையின் போடிங் விடுதியில் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனது.

எல்லோருக்கும் சொந்த ஊர்; எனக்கு அது அந்நிய நாடு. கிணற்றில் தண்ணீர் அள்ளத் தெரியாமல் வாளியைக் கயிற்றோடு உள்ளே விட்டேன். சந்தையை 'பாசார்' என்றேன். பிட்டும் சம்பலும் இறங்கவில்லை. நெத்தலியும் பெலாச்சான் சம்பலும் வைத்து, வாழையிலையில் பொதிந்த தேங்காய்ப்பால் சோற்றைக் கனவில் தின்றேன். பெலாச்சான் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு, இறாலை அழுகவைத்துச் செய்வது என்று விளக்கினேன். அதன் பிறகு இரண்டு நாள் என் பக்கத்தில் யாரும் இருந்து சாப்பிடவில்லை.

பக்கத்தில் வந்து இருந்தவள் பரமேஸ்வரி. நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரரின் மகள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழத்தோடு வருவாள். "உதைத் தின். உது எல்லா நாட்டிலையும் ஒரே ருசிதான்" என்று முதல் பழத்தை உரித்துத் தந்தாள். ஒரே ருசி இல்லை. ஆனாலும் தின்றேன்.

அவள்தான் என்னை நெற்போலுக்கும் இழுத்துப் போனாள். ஒரு பக்கத்துக்கு ஏழு பெண்கள் ஓடி, கம்பத்தின் உச்சியில் உள்ள வளையத்துக்குள் பந்து போடுகிற விளையாட்டு. கிணற்றடியில் உதவாத என் உயரம் அங்கே உதவியது. அவள் நடுவில் நின்று பந்தைத் தருவாள், நான் போடுவேன். அரைப் பாவாடையோடு ஓடுகிறோம் என்று ஊரில் முணுமுணுப்பு இருந்தது. எங்களுக்குக் காது கேட்கவில்லை. ஒவ்வொரு விளையாட்டையும் அம்மாவுக்கு எழுதினேன், எத்தனை போட்டேன் என்பதைக் கொஞ்சம் கூட்டித்தான்.

பிறகு யுத்தம் மலாயாவுக்குள் வந்தது. ஜப்பான்காரன் பிடித்துவிட்டான் என்று வாத்தியாரம்மா வகுப்பில் சொன்னார். அன்றோடு கடிதம் நின்றது. அரிசி குறைந்து குரக்கன் பிட்டு வந்ததும் அப்போதுதான். நான் கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. அனுப்ப வழியில்லாமல் எழுதி எழுதி ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போட்டேன். அம்மா வந்து மொத்தமாக வாசிப்பார் என்ற எண்ணம்.

அப்படி ஒன்றரை வருடம் போனது. ஒரு சனிக்கிழமை இன்னொரு பாடசாலைப் பெண்கள் எங்களோடு ஆட வந்தார்கள். அதற்கு முன் நான் அப்படி ஆடியதில்லை, பின்னரும் ஆடவில்லை. அந்த விளையாட்டுக்காக வீட்டுக்குப் போகாமல் நின்ற பரமேஸ் அன்று எல்லாப் பந்தையும் எனக்கே தந்தாள். வென்றோம். வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் தேத்தண்ணீரும் உழுந்து வடையும் கொடுத்தார்கள். நான் நான்கு வடை தின்றேன். பரமேஸின் வடை கையிலேயே இருந்தது.

"ஏன் நீ சாப்பிடேல்லை?"

"எனக்குப் பசிக்கேல்லை."

"அப்ப எனக்குத் தா" என்று அதையும் வாங்கித் தின்றேன்.

விருந்தினர் போன பிறகு மேற்றன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். போடிங்கைப் பார்த்துக்கொள்ளும் கண்டிப்பான மனுஷி. அன்று கதிரையை இழுத்து, "இரு பிள்ளை" என்றார். மேசையில் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்த ஒரு தபால் அட்டை. எத்தனையோ கை மாறி, மடிப்பில் கிழிந்திருந்தது. அப்பாவின் எழுத்து. இங்கிலீசில் மூன்று வரி: அம்மா காய்ச்சலில் காலமானாள். நான் சுகம். படிப்பை விடாதே. மேலே போட்டிருந்த திகதியைப் பார்த்தேன். பதினொரு மாதம் ஆகியிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கையில் வடை எண்ணெய் இருந்தது, அட்டையில் பட்டுவிட்டதே என்றுதான் நினைத்தேன். வெளியே வந்தால் பரமேஸ் கதவோடு நின்றாள்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப?"

"விளையாட்டுக்கு முன்னம் பந்து எடுக்க வந்தனான். மேற்றன் வாசிச்சுக்கொண்டு நிண்டவ. விளையாட்டு முடியுமட்டும் வாய் திறக்க வேண்டாமெண்டு சொன்னவ."

நான் அவளைத் தாண்டி நடந்தேன். அடுத்த மூன்று மாதமும் அவளோடு பேசவில்லை. நெற்போலையும் விட்டேன். என் அம்மா போன செய்தி தெரிந்துகொண்டு எனக்குப் பந்து தந்தவள், நான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் என்று உள்ளே எரிந்தது. மேற்றன்மேல் வராத கோபம் அவள்மேல் வந்தது. திங்கட்கிழமைகளில் என் கட்டிலில் வாழைப்பழம் இருக்கும். தொடமாட்டேன்.

ஒரு நாள் காலை கிணற்றடியில் நாங்கள் இருவரும் தனியே அகப்பட்டோம். அவள் துலாக்கயிற்றைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"மேற்றன் சொன்னதுக்காக இல்லையடி. நான் சொல்லத்தான் வந்தனான். நீ தலையைப் பின்னிக்கொண்டு சிரிச்சாய். உனக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் அம்மா இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஈரக் கல்லில் இருந்து, பள்ளி மணி அடித்த பிறகும் அழுதேன். அவள் வகுப்புக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தாள்.

யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் அப்பா என்னைத் திரும்பக் கூப்பிட்டார். துறைமுகத்தில் என்னைத் தேடி வந்தவரை நான் மட்டுக்கட்டவில்லை. பாதி உடம்புதான் இருந்தது. வீட்டில் அம்மாவின் சேலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் அரிசிக்காகப் போயிருந்தது. அப்பாவே சமைத்துப் பரிமாறினார். சாப்பிட்டு முடியும்போது கேட்டார்:

"அந்த அட்டை வந்தநேரம் நீ என்ன செய்துகொண்டு நிண்டனி?"

தனியே அம்மாவைப் புதைகுழிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மனிதர். இத்தனை வருடம் அந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறார்.

"படிச்சுக்கொண்டிருந்தனான் அப்பா."

அவர் தலையசைத்தார். "அவவுக்கு அதுதான் விருப்பம்" என்று சொல்லி, என் தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்தப் பிஸ்கட் தகரத்தை நான் வரும் வழியிலேயே கடலில் போட்டுவிட்டேன். பரமேஸ் கலியாணம் செய்து பிள்ளைகளோடு நீர்வேலியிலேயே இருந்தாள். வருடத்துக்கு ஒரு கடிதம், பிறகு அதுவும் இல்லை. அவள் போய்விட்டதை அவள் மகன் எழுதித்தான் அறிந்தேன். அப்பா போய் எவ்வளவோ காலம். அந்தச் சனிக்கிழமை நான் எங்கே நின்றேன் என்று அறிந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். பந்து போட்டு வென்று, ஐந்து வடை தின்றுகொண்டு நின்றேன் என்று அப்பாவுக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. அம்மா போன பிறகும் அவரைச் சிரிக்க வைத்திருக்கக்கூடிய ஒரே கதை அதுவாகக்கூட இருந்திருக்கலாம்.