தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியின் டிரஸ்டிகளைத் தேடி இரண்டு நாள்

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. இந்நேரத்தில் பதிவு போட்டு யாருடைய போனாவது சத்தம் போட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். மகிழன் இப்போதுதான் தூங்கினான். எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி தெரியவில்லை. எழுதினாலாவது தலைக்குள் ஓடுவது ஒரு வரிசைக்கு வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வழக்கமாகக் கைக்குழந்தையோடு எங்கே போகலாம், எங்கே பால் காய்ச்சித் தருவார்கள் என்றுதான் இங்கே எழுதுவேன். இந்த முறை போனது ஆஸ்பத்திரிக்கு. ஒன்றரை வயது மகிழனுக்குக் குடலிறக்கம். அழும்போது தொடை சேரும் இடத்தில் நெல்லிக்காய் அளவு வீங்கும்; அழுகை நின்றதும் உள்ளே போய்விடும். "பெரிய பயமில்லை, ஆனால் தள்ளிப் போடாதீர்கள், உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் அவசரமாகிவிடும்" என்றார் எங்கள் ராஜபாளையம் டாக்டர். தென்காசிப் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தும் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். குழந்தைகளுக்கு மட்டும் ஆபரேஷன் செய்யும் சர்ஜன் அங்கே வாரம் ஒருநாள் வருகிறாராம். இல்லையென்றால் மதுரை. என் கணவருக்குத் திருப்பூரில் வேலை. போனில், "போய்ப் பார், உனக்குச் சரின்னு பட்டா நாள் வாங்கு" என்றார். முடிவு என் தலையில்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு ராஜபாளையத்தில் பஸ் ஏறினோம். அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போக இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. குழந்தையோடு வருகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மலை அந்தப் பக்கம்தான். புளியங்குடி தாண்டியதும் மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. மகிழன் அதைக் காட்டி "பூ, பூ" என்றான். மற்ற நாளாக இருந்தால் போட்டோ எடுத்திருப்பேன்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது சாரல். ஆட்டோக்காரர் பெயர் இசக்கி, இருபத்தைந்து வயது இருக்கும்.

"எக்கா, அருவிக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எல்லாரும் அருவியில வழுக்கி விழுந்துட்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போவாவ. நீங்க மாத்திப் போறிய. ஏறுங்க."

ஆஸ்பத்திரி சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும். சர்ஜன் அன்று இல்லை. அவர் புதன்கிழமைதான் வருவார். குழந்தைகள் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, "வர்ற புதன்கிழமையே பண்ணிடலாம், செவ்வாய் சாயந்திரம் வந்து சேர்ந்துடுங்க" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வெளியே கூடத்துச் சுவரில் ஏழு போட்டோக்கள். நிர்வாகக் குழு, அதாவது டிரஸ்டிகள். மதுரை ஆஸ்பத்திரிகளின் இணையதளங்களை ஒரு வாரமாகக் குடைந்திருந்தேன். அங்கெல்லாம் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டி மாதிரி நீளும். இங்கே ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே வரிதான். அரிசி ஆலை உரிமையாளர். ஆடிட்டர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. ஓய்வு பெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துபவர். குழந்தைகள் மருத்துவர், ஒரே ஒருவர். ஏழாவது ஒரு பெண்ணின் படம், நாற்பது வயதுக்குள். கீழே தொழில் என்று எதுவும் இல்லை. "பவித்ராவின் அம்மா, கடையம்" என்று மட்டும் இருந்தது.

அரிசி மில்காரருக்கும் லாட்ஜ்காரருக்கும் என் பிள்ளையின் வயிற்றைப் பற்றி என்ன தெரியும்? அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. மதியம் ஊருக்குத் திரும்புவதாக இருந்தவள், இறங்கும்போது நம்பர் கொடுத்திருந்த இசக்கிக்குப் போன் செய்து, "குற்றாலத்துல லாட்ஜ் வச்சிருக்காரே, இந்த ஆஸ்பத்திரி டிரஸ்டி, அவரைத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சியத் தெரியாமயா? அங்கனயே ரூம் போட்ருவோம்க்கா."

தென்காசியிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டருக்குள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை; மழையும் பையும் பிள்ளையுமாக இருந்ததால் ஆட்டோவிலேயே போனேன், இருநூறு ரூபாய். சீசன் உச்சம். ரோடு முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையும். ரம்புட்டான் பழக் கடைகள். மெயின் அருவியின் இரைச்சல் கடைவீதி வரை கேட்டது. நான் அருவிப் பக்கம் போகவே இல்லை. சனிக்கிழமை என்பதால் சின்ன ரூமுக்கே ஆயிரத்து ஐந்நூறு. நடுவாரத்தில் பாதிதான் ஆகும் என்றார்கள்.

அண்ணாச்சி கவுன்ட்டரில் பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்கு வைத்தியம்னா காலைல ஒரு பிரஷர் மாத்திர. அதையும் வீட்ல ஞாபகப்படுத்துதா."

"அப்ப உங்களை எதுக்கு அண்ணாச்சி குழுவில் சேர்த்தாங்க?"

"ஜெனரேட்டருக்கு. சீசன்ல கரண்டு போனா இந்தத் தெருவுல மொதல்ல என் லாட்ஜுலதான் லைட் எரியும். அதப் பாத்துக் கூப்ட்டாவ. தண்ணி, டேங்கு, கக்கூஸ், பிள்ளையளோட வாறவங்க தங்குத ரூமு, எல்லாம் என் பாடு. மில்காரரு நன்கொட வசூலுக்கு. அவரு போய் வாசல்ல நின்னா இல்லன்னு சொல்ல முடியாது. ஆடிட்டர் கணக்குக்கு. இன்ஜினியர் கட்டடத்துக்கு. டீச்சரம்மா நாங்க பேசுததையெல்லாம் எழுதுதாவ. அப்படியே எழுதிப்புடுதாவன்னு நான் பேசுததையே கொறச்சிட்டேன்."

"டாக்டர்?"

"நாங்க தப்பாப் பேசுனா திருத்துததுக்கு. பாவம், மூச்சு விட நேரம் கெடையாது."

"ஏழாவது அந்தம்மா?"

டிவி சத்தத்தைக் குறைத்தார். "மாரிச்செல்வி. நீங்கல்லாம் எதுக்கு இங்கன இருக்கியன்னு எங்களக் கேக்கதுக்கு."

ஏன் என்று கேட்டேன். "அது அவ சொல்ல வேண்டிய விசயம்லா. நாளைக்கு ஞாயித்துக்கெழம, வீட்லதான் இருப்பா. நீங்க வாறியன்னு சொல்லி வைக்கேன்." சொன்னதோடு மகிழனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொல்லிச் சமையல்காரரை விரட்டினார். கஞ்சிக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு இசக்கியோடு கடையம். இருபது கிலோமீட்டர் போலிருக்கும். காத்திருந்து திரும்பக் கொண்டுவிட எழுநூறு பேசினோம். வழியெல்லாம் நாற்று நட்ட வயல். மகிழன் என் மடியில் தூங்கிவிட்டான். நான் போட்டோவில் பார்த்த முகத்திடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

மாரிச்செல்வி அக்கா கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறார். வாசலில் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி சொன்னாவ. பிள்ளையக் கட்டில்ல போடுங்க, காத்து வரும்" என்றவர், நான் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிட்டார். பலமுறை சொல்லிப் பழகிய குரல்.

பவித்ராவுக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சல் என்று அந்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருக்கிறார். சாயந்திரம் கை கால் சில்லிட்டுப் போக ஆரம்பித்திருக்கிறது. டியூட்டி டாக்டர் சொந்த வேலையாக வெளியூர் போயிருந்தார். கேட்கும்போதெல்லாம் "வந்துக்கிட்டு இருக்காரு" என்றே சொல்லியிருக்கிறார்கள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"டாக்டர் இல்லங்கது ஒரு கோவம். இல்லன்னு சொல்லாததுதான் பெரிய கோவம். சொல்லியிருந்தா நான் பிள்ளையத் தூக்கிட்டு திருநெவேலிக்கு ஓடியிருப்பேம்லா."

அதன்பின் நிர்வாகக் குழு கூடும் நாளெல்லாம் போய், கூட்ட அறைக்கு வெளியே பேசாமல் நின்றிருக்கிறார். முதல் மூன்று மாதம் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். நாலாவது மாதம் டீச்சரம்மா வெளியே வந்து, "உள்ள வந்து உக்காந்து கேளும்மா" என்று கூட்டிப்போயிருக்கிறார். பிறகு டிரஸ்ட் விதியையே மாற்றி எழுதினார்கள். ஏழு இடத்தில் ஓர் இடம் இனி எப்போதும் அந்த ஆஸ்பத்திரிமேல் குறை உள்ள ஒரு தாய்க்கோ தகப்பனுக்கோதான். டாக்டர் ஊரில் இல்லையென்றால் அதை வாசல் பலகையில் எழுதிப் போட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த முதல் தீர்மானம்.

"போட்டோவுக்குக் கீழ என்ன போடன்னு கேட்டாவ. பேங்க் வேலன்னு போட்டா நானும் அவங்கள்ல ஒருத்தியாயிருவேன். அதான் அவ பேரப் போடச் சொன்னேன்."

என்னிடம் திரும்பி, "உனக்கு என்னைக்கு?" என்றார்.

"புதன்கிழமை."

"மயக்க மருந்து குடுக்க டாக்டர் யாரு? அன்னைக்கு ராத்திரி ஊர்ல இருப்பாரா?"

"கேட்கலை அக்கா."

"பெறவு என்னதான் கேட்ட?"

"எத்தனை மணிக்கு வரணும்னு கேட்டேன். டிரஸ்டிங்க யார் யாருன்னு விசாரிச்சேன்."

சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு. எங்க ஏழு பேரு ஜாதகத்தையும் பாத்துட்ட. பிள்ளையத் தொடப் போறவர யாருன்னு கேக்கல."

எனக்கு முகம் சுட்டது. கோபமும் வந்தது. "நீங்கதானே குழுவில் இருக்கீங்க, ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றேன்.

"போட மாட்டேன்."

"ஏன்?"

"நான் போட்டா உன் பிள்ளைக்கு மட்டும் நடக்கும். பக்கத்துப் பெட்டுல இருக்கவளுக்கு யாரு போன் போடுவா? நீயே போய்க் கேளு. பதில் சொல்லலன்னா எனக்குச் சொல்லு, அத நான் கூட்டத்துல கேப்பேன்."

கிளம்பும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "இப்ப பவித்ரா இருந்தா அங்கே கொண்டுபோவீங்களா?"

ஸ்கூட்டி துடைத்த துணியை உதறிக் கொடியில் போட்டார். "கொண்டு போவேன். தூங்க மாட்டேன்."

திரும்பும் வழியில் பாவூர்சத்திரம் தாண்டியதும் இசக்கி, "எக்கா, ஒரு டீ குடிங்க" என்று வண்டியை நிறுத்தினார். குடித்தேன்.

ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லை. வாசல் பலகையில் அன்றைய டியூட்டி டாக்டர் பெயரும் அவர் இருக்கும் நேரமும் சாக்பீஸால் எழுதியிருந்தது. சனிக்கிழமை நான் அதைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறேன். வார்டு சிஸ்டரிடம் என் கேள்வியைக் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் ஒரே காரில் திருநெல்வேலியிலிருந்து வருவார்கள். புதன் சாயந்திரம் ஏழு மணி வாக்கில் இருவரும் கிளம்பிவிடுவார்கள். இரவு டியூட்டி டாக்டர் மட்டும் இருப்பார். "இந்த ஆபரேஷனுக்குப் பொதுவா அதுவே போதும்மா. சின்னப் பிள்ளைங்கதால நீங்க கேக்கதுலயும் நியாயம் இருக்கு. உள்ளூர் மயக்க டாக்டர் ஒருத்தர் இருக்காரு, அன்னைக்கு ராத்திரி வர முடியுமான்னு கேட்டு நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள சொல்லுதேன். முடியலன்னா அடுத்த புதன்தான்."

மாலை நாலு மணி பஸ்ஸில் ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். வழியில் மகிழன் ஒருமுறை வீறிட்டு அழுதான். வீக்கம் உள்ளே போக எப்போதையும்விட நேரமானது. அதனால்தான் அடுத்த புதன் வரை காத்திருக்கலாமா என்பது எனக்கு அவ்வளவு லேசான கேள்வியாக இல்லை.

இதே காரணத்துக்காகத் தென்காசிப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சீசன் மாதங்களில் சனி ஞாயிறு தவிர்த்து வாருங்கள். ரூமும் கிடைக்கும், ஆட்டோவும் கிடைக்கும். பிள்ளைக்கு இரண்டு செட் துணி கூடுதலாக எடுங்கள். சாரலில் எதுவும் காய்வதில்லை. ஆபரேஷனுக்கு முன்பு சளி பிடித்தால் தள்ளிப் போட்டுவிடுவார்கள் என்று சிஸ்டர் சொன்னார். அருவியை ஆபரேஷன் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் நிர்வாகத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அரிசி மில்லும் லாட்ஜும் வைத்திருப்பவர்கள் அங்கே எதற்கு என்று இப்போது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் யாரென்று பார்த்ததோடு நிறுத்தி, நம் கேள்விகளை அவர்களே கேட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஒரு நாளை வீணாக்கினேன்.

என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். "அவங்க முடியாதுன்னு சொன்னா?" என்றார். அடுத்த புதன் வரை இவனை அழவிடாமல் பார்த்துக்கொள்வதா, நாளைக்கே மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, இல்லை டியூட்டி டாக்டரை நம்பி இந்தப் புதனே போவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறான். மூச்சு சீராக இருக்கிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை வைத்துப் பார்க்கிறேன்.

உங்களில் யாராவது இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்திருந்தால், முதல் இரவு மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் இருந்தாரா, அந்த இரவு எப்படிப் போனது என்று எழுதுங்கள். எனக்குக் காலை பத்து மணிக்குப் போன் வரும். அதற்கு முன்னால் பதில் போடுங்கள்.