ஒரே பந்தில் இரண்டு பேர்

"பந்து எறிய ஏலாத பிள்ளையளைத்தான் இரண்டாம் பேஸில விடுவினம். அதில நிண்டு நீ என்னத்தைக் கிழிக்கப் போறாய்?" என்று மாமா கேட்டபோது எனக்குப் பதினொரு வயது.

மாமா அம்மாவின் தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில், நாங்கள் குடியேறியிருந்த மோர்டனில் ஒரு தமிழ் அணிக்காக கிரிக்கெட் ஆடுவார். போரில் இடம்பெயர்ந்தபோது அவரும் அம்மாவும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். கிரிக்கெட்டை மட்டும் மாமா விடவில்லை. பேஸ்போலைப் பள்ளிக்கூடத்தில் பார்த்து நானாகத்தான் பிடித்துக்கொண்டேன். அடித்தவர் ஓடி வரிசையாகத் தொடவேண்டிய நான்கு இடங்கள்தான் பேஸ்; அதில் இரண்டாவதைக் காப்பதுதான் என் ஆசை.

அன்று பூங்காவில் போட்டி. கோடைகால அணியில் இரண்டாம் பேஸுக்கு ஒரு இடந்தான் மிச்சம். அது எனக்கா இன்னொரு பெண்ணுக்கா என்பதை ஆட்டம் முடிந்ததும் சொல்வதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு ஷிப்ட் என்பதால் மாமாதான் கூட்டிவந்தார்.

அடிக்கப் போனேன். பந்து பட்டது, ஓடினேன். ஓரத்தில் நின்ற மாமா, "நீட்டு பிள்ளை, மட்டையை நீட்டு!" என்று கத்தினார். பேஸ்போலில் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி, காலால் பேஸைத் தொடவேண்டும். எனக்கு அது தெரியும். ஆனாலும் வீட்டுப் பின்வளவில் மாமாவோடு கிரிக்கெட் ஆடிப் பழகிய கை மட்டையோடு ஓடி, அதை நீட்டித் தொட்டது. கால் படுமுன் பந்து பேஸுக்கு வந்துவிட்டது. அவுட். எதிரணிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை; அதுதான் பயமாக இருந்தது.

கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். இன்னும் இரண்டு பேர் அவுட்டானால் வெற்றி. எதிரணியில் ஒருவன் முதல் பேஸில் நின்றான். அடுத்தவன் அடித்த பந்து தரையோடு உருண்டு எங்கள் அணிப் பெண் ஒருத்தியிடம் போக, அவள் எனக்கு எறிந்தாள். பிடித்தபடியே இரண்டாம் பேஸை மிதித்தேன். முதல் பேஸிலிருந்து ஓடிவந்தவன் அவுட். அதே மூச்சில் முதல் பேஸுக்கு எறிந்தேன். அடித்தவனும் அவுட்.

எங்கள் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். மாமாவோ மைதானத்துக்குள் வந்து, இரண்டாவது ஆளைத் திருப்பிக் கூப்பிடும்படி நடுவரிடம் வாதாடத் தொடங்கிவிட்டார். கிரிக்கெட்டில் ஒருவர் அவுட்டானால் அந்தப் பந்து செத்தது. அதில் இன்னொருவரை எடுக்க முடியாது. நடுவர் விழிக்க, மாமா என்னைச் சாட்சிக்கு இழுத்தார்.

"நீ சொல்லு பிள்ளை, ஒரு பந்தில ரெண்டு பேரை எடுக்க ஏலுமே?"

"ஏலும் மாமா. இஞ்ச பந்து சாகாது."

"சும்மா கதை விடாதை."

"உண்மையா மாமா. வெளியில போங்கோ, ப்ளீஸ்!"

நடுவர் அவருக்கு விதியைப் பொறுமையாக விளக்கினார். வெற்றி எங்களுக்கு, அந்த இடமும் எனக்கே கிடைத்தது. திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தி, "கள்ளம் ஒண்டும் இல்லைத்தானே?" என்று மாமா மெதுவாகக் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் தோற்கவேண்டுமென்று மாமா நினைக்கிறார் என்றே அன்று நம்பினேன். அவர் அகதியாக மோர்டனுக்கு வந்த காலத்தில், சொன்னது ஒன்றையும் நம்பாத அதிகாரிகளுக்கு முன்னால் வருடக்கணக்காக உட்கார்ந்து பதில் சொன்னவர். தன் வீட்டுப் பிள்ளையை எவரும் கள்ளி என்று சொல்லிவிடக்கூடாது என்ற பயம் அது. பதினொரு வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

இந்தக் கோடையில் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆனேன். அடுத்த வாரமே அமெரிக்காவில் தொழில்முறைப் பெண்கள் அணியொன்று என்னை இரண்டாம் பேஸுக்குக் கேட்டது. ஓம் என்று சொல்லி வந்து இறங்கிவிட்டேன். இன்று காலை முதல் பயிற்சியும் முடிந்தது.