கரண்ட் போகாத நாளின் மேடு

ஜெயகரன் வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தானோ என்னவோ, சொன்ன அந்த ஒரு பொய் அவருக்கு இன்னும் செரிக்கவில்லை.

வேலூர்க் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வகத்தில், படிகங்களைச் சூடாக்கி அவை எந்த வெப்பத்தில் உருமாறுகின்றன என்று பார்ப்பது அவர் வேலை. ஐஸ் தண்ணீராவது கண்ணுக்குத் தெரியும். இவருடைய படிகங்களோ திடமாகவே இருந்துகொண்டு உள்ளுக்குள் வேறொன்றாகிவிடும். வரைபடக் கோட்டில் ஒரு மேடு எழும், அதுதான் சாட்சி. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போதும் அந்தக் கோடு துள்ளும். அங்கே கரண்டுக்கு ‘க’ என்று குறித்துவிட்டுக் கணக்கில் சேர்க்காமல் விடுவது ஆய்வக வழக்கம்.

வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் உமைமா. ஒருநாள் பெரிய மேட்டுக்கு முன்னால் சின்னதாக இன்னொரு மேட்டைக் கண்டாள். ஒரே ஒரு மாற்றம்தான் என்று ஜெயகரன் ஏற்கெனவே கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று. திரும்ப எழுத யாருக்கு மனசு வரும்? பென்சிலை எடுத்து அதன்மேல் ‘க’ போட்டார்.

“சார், அப்ப கரண்ட் போவவே இல்லியே.”

“போயிருக்கும்மா. நீ கவனிச்சிருக்க மாட்ட.”

அவளும் தன் நோட்டில் அந்த இடத்தில் ‘க’ போட்டுக்கொண்டாள். அந்த வருடமே, தனக்கு இது சரிப்படாது என்று ஆராய்ச்சியை விட்டுவிட்டு, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சரக்கைச் சோதிக்கும் வேலைக்குப் போய்விட்டாள். அவர் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு ஆய்வகத்துக்குப் பெரிய யுபிஎஸ் வந்தது. கரண்ட் போனாலும் கோடு இப்போது துள்ளுவதில்லை. ஆனால் அந்தச் சின்ன மேடு மட்டும் அதே இடத்தில் எழுந்தது. அதே வகையில் வேறொரு படிகத்தைச் சூடாக்கினார். அதிலும் எழுந்தது.

ஆம்பூருக்குப் போனார். சாப்பாட்டு நேரத்தில் உமைமா கம்பெனி கேட்டுக்கு வந்தாள். விஷயத்தைச் சொல்லி, திருத்தி எழுதும் கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் வரும் என்றார்.

“அன்னிக்கு கரண்ட் போவலம்மா. தெரிஞ்சேதான் சொன்னேன்.”

உமைமா கையிலிருந்த டிபன் டப்பாவைத் திண்ணையில் வைத்தாள்.

“பேர் போடுங்க சார், வேணாங்கல. ஆனா நான் உங்கள நம்பிட்டேன். என் கண்ணுலதான் கோளாறுன்னு நெனச்சிட்டேன். இங்ககூட ஒரு ஷூவத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். சூப்பர்வைசர் ஜாஸ்தி நேரம் ஆவுதுன்னு திட்றாரு. அப்பவும் பாஸ் போட கை வரமாட்டேங்குது.”

மணி அடித்தது. அவள் உள்ளே போய்விட்டாள். ஒரு மேட்டை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் ஜெயகரன் தயாராக வந்திருந்தார்.